தன்னார்வ மென்பொருளுக்கு லோகோ: திறந்த போட்டி வெச்சா தேறுமா?

மண்டிக்கணக்கு (பாலக்கோடு) · வெள்ளி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலு பேர் ஓய்வு நேரத்துல ரெண்டு வருஷமா எழுதிட்டு வர்ற செயலி இங்க பல பேருக்குத் தெரியும். தக்காளி போடுற விவசாயி மண்டிச் சீட்டைப் பார்த்து எத்தனை கிரேட் (பிளாஸ்டிக் பெட்டி) போச்சு, என்ன விலைக்குப் போச்சு, கமிஷன் எவ்வளவு, கூலி எவ்வளவு, கையில வந்து சேர்ந்தது எவ்வளவுன்னு பதிஞ்சு வெச்சுக்கலாம். நெட் இல்லாமலே ஓடும். விளம்பரம் இல்ல, கட்டணம் இல்ல, மூல நிரலும் திறந்தே கிடக்கு, யார் வேணா எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். பாலக்கோடு, இராயக்கோட்டை பக்கம் கொஞ்சம் பேர் தினமும் பயன்படுத்துறாங்க.

ஆனா இதுவரை அதுக்குன்னு ஒரு முகம் கிடையாது. ஆண்ட்ராய்டு தானா போட்டுக் குடுக்குற பச்சைப் படம்தான். போன வாரம் மண்டியில ஒரு பெரியவர் போனை என் கையில குடுத்து, "தம்பி, அந்தக் கணக்கு போடுறது காணோமே, அழிஞ்சுடுச்சா?"ன்னார். அழியல. அதே பச்சைப் படத்தோட இன்னும் ரெண்டு செயலி பக்கத்துல இருந்துச்சு. மூணையும் ஒண்ணொண்ணா திறந்து பார்த்துத்தான் நானே கண்டுபிடிச்சேன். எழுதினவனுக்கே அந்தக் கதின்னா அவருக்கு எப்படி இருக்கும்? அன்னிக்கே முடிவு பண்ணினேன், லோகோ இல்லாம அடுத்த பதிப்பு வெளியே போகாது.

எங்க நாலு பேருக்கும் வரைய வராது. குழுவுக்குன்னு நிதியும் இல்ல. அதனால திறந்த போட்டி வைக்கலாம்னு யோசனை. யார் வேணா அனுப்பலாம், ஒரு மாசம் அவகாசம், மக்கள் ஓட்டு, ஜெயிச்சவருக்கு 5,000 ரூபாய் நாங்களே கைக்காசு போட்டுத் தர்றோம். இது சரியா வருமா? ஏற்கெனவே நடத்திப் பார்த்தவங்க சொல்லுங்க.

பென்னாகரம்பையன் · வெள்ளி, இரவு 10:05

கண்டிப்பா வைங்கண்ணா. நம்ம ரூபாய்க் குறியே போட்டியில வந்ததுதானே? 2009ல நிதி அமைச்சகம் அறிவிச்சாங்க. 3,000க்கு மேல வந்துச்சு, கடைசியா அஞ்சு எடுத்து, அதுல உதயகுமார் வரைஞ்சது தேறுச்சு. தமிழ்நாட்டுக்காரர். 2010 ஜூலை 15 அன்னிக்கு அமைச்சரவை ஒத்துக்கிச்சு. இன்னிக்கு அந்தக் குறி இல்லாத போன் கிடையாது. நாட்டோட காசுக்கே போட்டியில நல்லது கிடைச்சிருக்கு, ஒரு செயலிக்குக் கிடைக்காதா?

எங்க காலேஜ்ல இருந்தே பத்துப் பேர் அனுப்புவோம். நெல்லிக்கனியை வெச்சு வரையலாம்னு இப்பவே தோணுது. அதியமான் அவ்வைக்குக் குடுத்தது. தருமபுரின்னா அதுதான் முதல்ல ஞாபகம் வரும்.

கோடும்கட்டமும் (கிருஷ்ணகிரி) · சனி, காலை 6:50

ஓசூர் பஸ்ல உட்கார்ந்து எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. பதினோரு வருஷமா டிசைன்தான் எனக்குச் சோறு போடுது. என் பதில்: வேணாம்.

கணக்கு போடுற செயலிக்காரர்கிட்ட கணக்காவே சொல்றேன். நாப்பது பேர் அனுப்பறாங்கன்னு வைங்க. ஆளுக்கு ஆறு மணி நேரம்னா மொத்தம் 240 மணி நேரம். உங்களுக்குப் பயன்படப் போறது அதுல ஆறு. மிச்சம் 234 மணி நேரம் ஊரார் உழைப்பு, ஒரு நன்றிகூட இல்லாம போகும். நிரல் எழுதறவங்களை இப்படிக் கேப்பீங்களா? "நாப்பது பேர் தனித்தனியா மொத்தச் செயலியையும் எழுதிட்டு வாங்க, ஒண்ணை வெச்சுக்கிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போடறோம்"னு சொன்னா ஒருத்தர் வருவாங்களா? உங்க நிரல் களஞ்சியத்துல யாராவது திருத்தம் அனுப்பினா, "இந்த வரியை மாத்துப்பா"ன்னு சொல்லி, மாத்தி, சேர்த்துக்கறீங்க. படம் வரையறவங்களுக்கு மட்டும் ஏன் அந்தப் பேச்சே இல்லாம பரீட்சை?

இன்னொண்ணு, நானே அனுபவப்பட்டது. நாலு வருஷம் முன்னாடி ஒரு தன்னார்வக் குழுவுக்குப் போட்டி நடத்திக் குடுத்தேன். படம் நிறைய வந்துச்சு. மக்கள் ஓட்டுதான் விட்டோம். கடைசி ரெண்டு நாள்ல ஒரு பையனோட படத்துக்கு மட்டும் ஓட்டு மளமளன்னு ஏறுச்சு, அவங்க காலேஜ் வாட்ஸப் குழுக்கள்ல இணைப்பு சுத்தியிருக்கு. அவன் மேல தப்பில்ல, ஓட்டுன்னு சொன்னா ஓட்டுக் கேக்கத்தான் செய்வாங்க. படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஓரத்துல மங்கலா வரிவரியா ஏதோ தெரிஞ்சுது. படம் விக்கிற ஒரு தளத்தோட நீர்க்குறி, பாதி அழிச்சது. மூலக் கோப்பு கேட்டோம், ஜேபெக் ஒண்ணுதான் இருக்குன்னான். அப்புறம் போனை எடுக்கவே இல்ல. பேனர் அடிச்சு, சட்டை அடிச்சு, மூணு மாசத்துல எல்லாத்தையும் மடிச்சு உள்ள வெச்சோம். ரெண்டாவது இடத்துல இருந்த பொண்ணோட வேலை நிஜமாவே அருமையா இருந்துச்சு. மறுபடி கேக்க எங்களுக்கு முகமில்ல.

தம்பி பென்னாகரம், உதயகுமார் போட்டிக்காக ஒரு ராத்திரி உட்கார்ந்து வரைஞ்சவர் இல்லப்பா. கட்டடக்கலை படிச்சு, மும்பை ஐஐடியில டிசைன்ல முதுகலை முடிச்சு, அங்கேயே தமிழ் எழுத்துருக்களைப் பத்தி முனைவர் ஆய்வு பண்ணிட்டு இருந்தவர். எழுத்தோட வருஷக்கணக்கா வாழ்ந்திருக்கார். பரிசும் ரெண்டரை லட்சம்.

மண்டிக்கணக்கு · சனி, காலை 8:15

அக்கா, நீங்க சொன்ன 234 மணி நேரம் நெஞ்சுல குத்துது, அப்படி நான் யோசிக்கவே இல்ல. ஆனா ஒரு சந்தேகம். டெபியன் லோகோ போட்டியில வந்ததுன்னு படிச்சிருக்கேன். ஃப்ரீபிஎஸ்டியும் அப்படித்தான், ரெண்டுமே இலவச இயங்குதளம். அவங்களும் எங்க மாதிரி தன்னார்வலர்கள்தானே. அங்க மட்டும் எப்படி நல்லா வந்துச்சு?

நெடுநாள்டெபியன் (தருமபுரி) · சனி, காலை 11:30

கேள்வி சரியான இடத்துக்கு வந்திருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெபியனின் சுருள் 1999இல் நடந்த போட்டியில் வந்தது, வரைந்தவர் ரௌல் சில்வா. நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இலவச இயங்குதளம் 2004இல் போட்டி வைத்தது, கிராண்ட் பிஸ்ஸெட் வரைந்த கொடி தேர்வானது. ஃப்ரீபிஎஸ்டி 2005இல் வைத்தது, அன்டன் குரால் வரைந்த கொம்பு வைத்த சிவப்பு உருண்டை வென்றது. மூன்றும் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. ஆகவே போட்டியால் நல்ல லோகோ வரவே வராது என்று சொன்னால் வரலாறு ஒப்புக்கொள்ளாது.

ஆனால் மூன்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு. போட்டி அறிவிப்பதற்கு முன்பே அவர்களுக்குத் தங்கள் குறை என்னவென்று தெரியும். நெட்பிஎஸ்டியின் பழைய படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? குவிந்து கிடக்கும் கணினிகள் மேல் குட்டிச் சாத்தான்கள் ஏறி நின்று கொடி நடுகின்றன. சுவரில் மாட்டினால் ரசிக்கலாம். அதையே சின்னதாக அச்சடித்தால் கறைதான் மிஞ்சும். புதிதாக வரைந்தவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கூட்டத்திலிருந்து கொடியை மட்டும் எடுத்துக்கொண்டார். பழைய படத்தை அறிந்தவர்களுக்கு அது அந்நியமாக இல்லை, புதியவர்களுக்கும் புரிந்தது. ஃப்ரீபிஎஸ்டியிலும் அப்படியே. பழைய குட்டிச் சாத்தானை அவர்கள் துரத்தவில்லை, அது இன்னமும் அவர்களுடைய செல்லச் சின்னமாக இருக்கிறது. லோகோவில் அதன் கொம்பு மட்டும் மிஞ்சியது.

உங்களுக்கு அப்படிப் பழைய படமும் இல்லை, அதனால் என்ன வேண்டும் என்ற தெளிவும் இன்னும் இல்லை. அங்கேதான் சிக்கல்.

அடுத்து, லினக்ஸ் இயங்குதளத்தின் சின்னமான டக்ஸ் பென்குயின். 1996இல் லாரி யூயிங் கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் வரைந்தது. லினக்ஸ் லோகோவுக்காக மூன்று போட்டிகள் நடந்தன, டக்ஸ் ஒன்றில்கூட வெல்லவில்லை. ஆனால் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்குப் பென்குயின் பிடிக்கும், என்ன மாதிரிப் பென்குயின் வேண்டும் என்று அவர் மின்னஞ்சல் குழுவில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சைக் கேட்டு ஒருவர் வரைந்தார், அது நிலைத்துவிட்டது. வென்ற படங்கள் எவை என்று இன்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

விக்கிப்பீடியா உருண்டையின் கதையும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2003 போட்டியில் பால் ஸ்டான்சிஃபர் என்பவரின் புதிர்க்கட்டை உருண்டை வென்றது. நாம் பார்த்துப் பழகியது அது அல்ல. டேவிட் ஃப்ரீட்லாண்ட் என்ற இன்னொருவர் அதை எடுத்து மறுபடி செதுக்கி, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மொழியின் எழுத்தைக் கொடுத்தார். அதிலும் தேவநாகரியும் ஜப்பானிய எழுத்தும் பிழையாகப் போய், 2010இல்தான் திருத்தினார்கள். அதாவது போட்டி முடிந்த பிறகு ஏழு வருடம் வேலை இருந்திருக்கிறது.

இதையெல்லாம் வைத்து எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். போட்டி ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் என்று நம்பி வைத்தால் ஏமாற்றம். உங்களோடு உட்கார்ந்து பத்து முறை திருத்த ஓர் ஆள் கிடைக்க வேண்டும். போட்டி வைத்தால் அந்த ஆளைத் தேடி வையுங்கள்.

பென்னாகரம்பையன் · சனி, பிற்பகல் 1:20

சார் சொன்னதும் அக்கா சொன்னதும் புரியுது. ஆனா அனுப்பறவன் பக்கத்துல இருந்தும் கொஞ்சம் பாருங்க.

நான் இதுவரை மூணு போட்டிக்கு அனுப்பியிருக்கேன். ஒண்ணுல இருந்துகூட "வந்து சேர்ந்துச்சு"ன்னு ஒரு வரி பதில் வரல. யார் ஜெயிச்சாங்கன்னு நானே தேடித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். என் படத்துல என்ன குறைன்னு சொல்லியிருந்தா அடுத்த தடவை திருத்திக்குவேன். இருந்தாலும் போட்டின்னு ஒண்ணு வந்தாத்தான் என்னை மாதிரி ஆளுக்குக் கதவு திறக்குது. கிருஷ்ணகிரியிலயோ ஓசூர்லயோ எனக்கு யாரைத் தெரியும்? "தெரிஞ்ச டிசைனர்கிட்ட கேளுங்க"ன்னு முடிச்சா, தெரியாதவன் எப்பவும் தெரியாதவனாவே இருப்பான்.

நான் கூலிக்காக அனுப்பல. ஒரு நல்ல காரியத்துல என் கை பட்டிருக்கணும்னுதான் அனுப்பறேன்.

கோடும்கட்டமும் · சனி, பிற்பகல் 2:05

தம்பி, கடைசி வரியைப் படிச்சு ரொம்ப நேரம் யோசிச்சேன். நீ சொல்றது நியாயம். உன் வேலைகளை எனக்குத் தனிச்செய்தியில அனுப்பு. குறை நிறை ரெண்டும் உட்கார்ந்து எழுதி அனுப்பறேன், வாக்கு.

நெல்லிக்கனி பத்தியும் ஒரு வார்த்தை. ஊர்ப்பெருமை லோகோவுக்குள்ள வரணும்னு எல்லாருக்கும் ஆசை. ஆனா இந்தச் செயலியைத் திறக்கறவர் தருமபுரி எதுக்குப் பேர்போனதுன்னு தெரிஞ்சுக்கத் திறக்கல. தன் கணக்கைப் பார்க்கத் திறக்கறார். நெல்லிக்கனியைப் பார்த்தா மருந்துக்கடைன்னு நினைப்பார். ஊர்கிட்ட கத்துக்கணும்னா தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் நடுகல்லுங்களைப் பாரு. ஒரு வீரன், கையில ஆயுதம், காலடியில மாடு, மேல நாலு வரி வட்டெழுத்து. எந்த ஊர், யார் ஆட்சி, எதுக்காகச் செத்தான், எல்லாம் அந்த ஒரு கல்லுக்குள்ள. ஆயிரம் வருஷத்துக்கு மேல வெயில்லயும் மழையிலயும் நின்னும் வீரன் யாரு, மாடு எதுன்னு குழப்பமே வராது. செதுக்கினவன் தேவையில்லாத ஒரு கோடு போடல.

சட்டப்புத்தகம் (கிருஷ்ணகிரி) · சனி, மாலை 5:45

போட்டி வைத்தாலும் வைக்காவிட்டாலும் கவனிக்க வேண்டியவை.

"அனுப்பிய படம் குழுவுக்கே சொந்தம்" என்று படிவத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படியுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உங்கள் செயலியை நாளைக்கு இலங்கையில் ஒருவர் இறக்கிப் பயன்படுத்தினால் அந்த லோகோவுக்கு அங்கே என்ன நிலை? ஆறாவது வருடம் என்ன நிலை? ஒரு பக்கத் தாள், காலம், இடம், இரண்டு கையெழுத்து. இவ்வளவுதான் வேலை.

பள்ளிப் பிள்ளைகளும் அனுப்பலாம் என்று அறிவிப்பீர்களானால் இன்னும் எச்சரிக்கை. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது.

உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் "இதை வரைந்தது நான்" என்று சொல்லும் உரிமை வரைந்தவரிடமே இருக்கும், 57ஆம் பிரிவு. அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகப் பிடித்த இடம் அது.

பிறருடைய சின்னத்தைப் போல இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். விக்கிப் பயணத் தளம் (விக்கிவாயேஜ்) 2013இல் விக்கிமீடியாவின் தளமாகத் தொடங்கியபோது வைத்திருந்த லோகோ தங்களுடையதைப் போல இருக்கிறது என்று உலக வணிக அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது, அதே வருடம் மாற்ற வேண்டியதாயிற்று. இந்திய வணிகக்குறிப் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம், மென்பொருள் அந்தப் பதிவகத்தின் 9ஆம் வகுப்பில் வரும்.

நாலுரோடுபிளக்ஸ் (தருமபுரி) · சனி, இரவு 11:50

கடை சாத்திட்டு இப்பத்தான் எல்லாத்தையும் படிச்சேன். நான் டிசைனர்னு சொல்லிக்கிற ஆள் இல்ல. பதினாறு வருஷமா பேனர் வரையற கோரல்டிரா மென்பொருள்ல உட்கார்ந்திருக்கேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. ராத்திரி பத்து மணிக்கு வந்து காலையில அஞ்சு மணிக்குக் கட்டணும்பாங்க. கட்டிடுவோம். போட்டின்னு அறிவிச்சிருந்தா நான் அனுப்பியிருக்க மாட்டேன். தேறுமா தேறாதான்னு தெரியாத வேலைக்கு ஒரு நாளை ஒதுக்கினா கடை வாடகைக்கு இடிக்கும்.

ஆனா அந்தப் பெரியவர் செயலியைக் காணோம்னு தேடினதைப் படிச்சதும் கை சும்மா இருக்கல. எங்கப்பாவும் தக்காளி போட்டவர்தான். சீட்டை எல்லாம் கம்பியில குத்தி வெச்சிருப்பார், வருஷக் கடைசியில கணக்குப் பார்க்க உட்கார்ந்தா பாதிச் சீட்டு எழுத்தே தெரியாது.

அதனால இன்னிக்கு மத்தியானம் தக்காளி ஒண்ணு வரைஞ்சேன். பெரிசா பார்க்க அம்சமா இருந்துச்சு. போன் படத்தளவுக்குச் சுருக்கி, கறுப்பு மையில மட்டும் ஸ்டிக்கர் தாள்ல அடிச்சேன். அப்பத்தான் தெரிஞ்சுது, சிவப்பை எடுத்துட்டா தக்காளி வெறும் உருண்டை. அது தக்காளின்னு காட்டிக் குடுக்கறதே காம்புல இருக்குற அஞ்சு இலைதான். சுருக்கும்போது அந்த அஞ்சும் ஒட்டிப் போய் ஒரு பொட்டு ஆயிடுது. கடைக்கு வந்த நாலு பேர்கிட்ட என்னன்னு சொல்லாம காட்டினேன். ரெண்டு பேர் ஆப்பிள்னாங்க, ஒருத்தர் பரங்கிக்காய்னார், ஒரு அம்மா மட்டும் தக்காளின்னாங்க.

அப்புறம் "மண்டி"ன்னு எழுத்தாவே போட்டுப் பார்த்தேன். ண்-ல மூணு சுழி. தடிமனா போட்டா சுழிக்குள்ள மை அடைச்சுக்குது, மெலிசா போட்டா வெயில்ல தெரியல. ரெண்டும் கெட்டான்.

கடைசியா கிரேட்டை வரைஞ்சேன். முன்பக்கம் மட்டும். நீள்சதுரம், மேல கை விடுற ஓட்டை, கீழ வரிசையா காத்துப் போற இடைவெளி. நாலு கோடு, அவ்வளவுதான். சாயங்காலம் சரக்கு இறக்க வந்த டிரைவர்கிட்ட காட்டினேன், கேக்கறதுக்கு முன்னாடியே "கிரேட்டு"ன்னார். அவர் போனதுக்கு அப்புறம் மறுபடி பார்த்தேன், அந்தக் காத்து இடைவெளி வரிசை கணக்கு நோட்டுல கோடு போட்ட மாதிரியும் இருக்கு. அது நான் நினைச்சு வரைஞ்சது இல்ல, தானா வந்து உட்கார்ந்துச்சு.

படத்தைப் போட்டிருக்கேன். கோரல் கோப்புதான் இருக்கு, உங்களுக்கு எந்த வடிவத்துல வேணும்னு சொல்லுங்க.

கோடும்கட்டமும் · ஞாயிறு, காலை 7:10

அண்ணா, நீங்க டிசைனர் இல்லன்னு இனிமே சொல்லாதீங்க. சுருக்கிப் பார்த்து, நிறத்தை எடுத்துப் பார்த்து, பேர் சொல்லாம நாலு பேர்கிட்ட காட்டினீங்க. எங்க ஆபீஸ்ல இதைச் செய்ய வைக்கவே நான் மல்லுக்கட்டணும்.

கிரேட்டுக்கு நீங்க சொல்லாத இன்னொரு பலமும் இருக்கு. எங்க கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காக்காரங்களும் இந்தச் செயலியைக் கேக்கறாங்க. சீசன்ல கூழ் ஆலைக்கு தோத்தாபுரி ஏத்தறவங்களுக்கும் இதே கணக்குதான். தக்காளிப் படம் போட்டிருந்தா இது நமக்கு இல்லன்னு விட்டிருப்பாங்க. கிரேட் ரெண்டு பேருக்கும் பொது.

சில அளவுகள் சொல்றேன், குறிச்சுக்குங்க. ஆண்ட்ராய்டுல படத்தை 108 அலகு சதுரத்துல குடுக்கணும். போனுக்குப் போன் அதை வட்டமாவும் சதுரமாவும் வெட்டிக்கும், அதனால நடுவுல 66 அலகு வட்டத்துக்குள்ள வர்றது மட்டும்தான் பத்திரம். உங்க கிரேட்டோட கீழ் மூலை ரெண்டும் இப்ப அந்த வட்டத்தைத் தாண்டுது, கொஞ்சம் உள்ள இழுக்கணும். அறிவிப்புப் பட்டையில வர்ற குட்டிப் படம் முழுக்க ஒரே வெள்ளை, நிறம் போட்டாலும் காட்டாது, 24 அலகுதான். அங்க அஞ்சு இடைவெளி தாங்காது, மூணு போதும். அதுக்குன்னு தனியா ஒண்ணு வரைங்க, பெரிய படத்தைச் சுருக்கி ஏமாத்தாதீங்க.

எழுத்துருவுலயும் ஒரு எச்சரிக்கை. கடையில வானவில் அவ்வையார், செந்தமிழ்னு வெச்சிருப்பீங்க. அதெல்லாம் திறந்த உரிமத்துல கிடைக்கறது இல்ல, இந்தத் திட்டத்துல கலக்க வேணாம். செயலியோட பேரை எழுத முக்த மலர் எடுத்துக்குங்க, திறந்த எழுத்துரு உரிமத்துல இருக்கு, எழுத்தோட கோட்டை நாம திருத்திக்கவும் தடையில்ல. இங்க்ஸ்கேப்னு ஒரு இலவச வரைகலை மென்பொருள் கோரல் கோப்பைத் திறக்கும், ஆனா வளைவுகள் சில சமயம் பிசகும். எழுத்தை எல்லாம் கோடா மாத்தி எஸ்விஜி வடிவத்துல சேமிச்சு அனுப்புங்க.

மண்டிக்கணக்கு · ஞாயிறு, காலை 9:30

காலையில பாலக்கோடு மண்டியில அந்தப் பெரியவரைப் பார்த்தேன். கிரேட் படத்தைப் பச்சைப் படத்துக்குப் பதிலா வெச்சு அவர் போன்ல ஏத்திக் குடுத்தேன். ஒண்ணும் சொல்லல, நேரா அதையே தொட்டுத் திறந்தார். வெயில் நல்லா அடிச்ச நேரம். ஆனா கிரேட்டுக்குப் பின்னாடி நான் வெச்ச நீலப் பின்னணி, பக்கத்துல இருந்த பணம் அனுப்புற செயலியோட கொஞ்சம் குழம்புது, வேற நிறம் பார்க்கணும்.

லோகோவுக்குப் போட்டி வேணாம்னு நாங்க நாலு பேரும் முடிவு பண்ணிட்டோம். அந்த 5,000 நாலுரோடு அண்ணனுக்கு. அண்ணா, மறுக்காதீங்க.

பென்னாகரம் தம்பி சொன்னது மட்டும் மனசுல நிக்குது. புதுசா வர்றவங்களுக்கு வழி வேணும். அதுக்கு என்ன செய்யறதுன்னுதான் தெரியல.

நெடுநாள்டெபியன் · ஞாயிறு, காலை 10:40

இங்க்ஸ்கேப் செய்வதைப் பாருங்கள். அவர்களுடைய லோகோ மாறுவதில்லை. ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும், மென்பொருளைப் பற்றிச் சொல்லும் 'பற்றி' திரையில் வரும் ஓவியத்துக்குப் போட்டி வைக்கிறார்கள். வரைபவர் தன் கைத்திறனை முழுக்கக் காட்டலாம், அடுத்த பதிப்பில் இன்னொருவருக்கு இடம் கிடைக்கும். தேர்வு கொஞ்சம் பிசகினாலும் ஒரு பதிப்போடு போய்விடும். பல வருடம் நிற்க வேண்டிய முகத்துக்கு வேறு வழி, ஒரு பருவம் நிற்கும் ஓவியத்துக்குப் போட்டி. உங்களுக்கும் வருடத்துக்கு இரண்டு பதிப்பு வருகிறதல்லவா? நெல்லிக்கனி, ஒகேனக்கல் பரிசல், எருது விடும் விழா, எல்லாவற்றுக்கும் அங்கே இடமிருக்கிறது.

ஒரே வேண்டுகோள். மக்கள் ஓட்டு வேண்டாம். மூன்று பேர் உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள், அதில் ஒருவர் வரைபவராகவும் ஒருவர் மண்டிக்குப் போகும் விவசாயியாகவும் இருக்கட்டும். அனுப்பிய ஒவ்வொருவருக்கும் இரண்டு வரியாவது பதில் எழுதுங்கள்.

பென்னாகரம்பையன் · ஞாயிறு, பகல் 12:15

இதுக்கு நான் முழுசா சம்மதம் சார். பதில் எழுதற வேலையை எனக்குக் குடுங்க. அனுப்பிட்டுக் காத்திருக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், ஒருத்தரைக்கூட விட மாட்டேன். அக்கா, படங்களை அனுப்பிட்டேன், பார்த்தீங்களா?

சட்டப்புத்தகம் · ஞாயிறு, பகல் 12:40

உரிமைத் தாளைத் தமிழிலேயே எழுதி மண்டிக்கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். காலம்: பதிப்புரிமை நீடிக்கும் வரை. இடம்: உலகம் முழுவதும். வரைந்தவர் பெயர் செயலியின் 'பற்றி' பக்கத்தில் இருக்கும் என்று மூன்றாவது வரியில் சேர்த்திருக்கிறேன். இரண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலுரோடுபிளக்ஸ் · ஞாயிறு, மாலை 4:20

காசை மறுக்கல தம்பி, வாங்கிக்கறேன். செஞ்ச வேலைக்குக் கூலி வாங்கறதுல வெக்கம் இல்ல. ஆனா பேர் வரும்னு சார் எழுதினாரே, அதைப் படிச்சுட்டு வீட்டுல காட்டினேன். பதினாறு வருஷமா எத்தனையோ ஆயிரம் பேனர் அடிச்சிருக்கேன், ஒண்ணுலயும் என் பேர் இருந்ததில்ல. கீழ ஓரத்துல கடை பேர் இருக்கும், அவ்வளவுதான்.

கீழ் மூலையை உள்ள இழுத்துட்டேன். குட்டிப் படத்துக்கு மூணு இடைவெளி வெச்சுத் தனியா வரைஞ்சிருக்கேன். நிறத்துக்கு மஞ்சள், காவி, கரும்பச்சை, மூணு அடிச்சு வெச்சிருக்கேன்.

புதன்கிழமை கடைக்கு வாங்க, உரிமைத் தாளையும் எடுத்துட்டு வாங்க. காலையில வேணாம், பன்னெண்டு மணிக்கு மேல வாங்க. வாசல்ல நேர் வெயில் விழும், போனை அங்க வெச்சு மூணு நிறத்தையும் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடலாம். முடிஞ்சா அந்தப் பெரியவரையும் கூட்டிட்டு வாங்க.